மண்டபம் பக்கம் ஓடுற ஆக்டேவியா விஆர்எஸ்ஸுக்கு பிரேக் டிஸ்க்கும் பேடும்: எதை எடுக்கலாம்?

மண்டபம்காரன்

வணக்கம். வண்டி ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230. வீடு மண்டபத்துல, கடலுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு தெரு. தினசரி ஓட்டம் ராமநாதபுரம் வரைக்கும், அப்பப்போ மதுரை, லீவு விட்டா கொடைக்கானல்.

இப்போதைய நிலைமை இது. 90க்கு மேல போகும்போது பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் உதறுது. முன் டிஸ்க்கை மைக்ரோமீட்டர் வெச்சு அளந்ததுல, டிஸ்க்குல அச்சிட்டிருக்கிற குறைந்தபட்சத் தடிமனைவிட 0.4 மி.மீ.தான் கூட இருக்கு. முன் பேடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை) 4 மி.மீ., பின் பேடு 6 மி.மீ. பின் டிஸ்க் வெளிப்பக்கம் பார்க்க நல்லா இருக்கு. வண்டிக்கு அடியில படுத்து உள்பக்கம் பார்த்தா, விளிம்புலேர்ந்து விரற்கடை அகலத்துக்குத் துரு புள்ளி புள்ளியா அரிச்சிருக்கு.

கேட்க வேண்டியது: துளை போட்டது, கீறல் போட்டது, சாதா டிஸ்க், இதுல எது? பேடு எந்த வகை? பின் டிஸ்க்கை லேத்துல கொடுத்துக் கடைஞ்சு ஓட்ட முடியுமா? பிரேக் ஆயில் எது?

மதுரை_ஸ்பேனர்

லேத் கேள்வியை முதல்ல முடிச்சிடுவோம். வேண்டாம். துரு புள்ளியா இறங்கியிருந்தா அதோட ஆழம் வரைக்கும் ரெண்டு பக்கமும் கடையணும். அவ்வளவு கடைஞ்சா குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழ போயிடும், இல்லேன்னா அதைத் தொட்டுக்கிட்டு நிக்கும். அப்படியே தப்பினாலும், கடைஞ்ச இரும்பு பச்சை இரும்பு. மேல பூச்சு கிடையாது. மண்டபத்துல ஒரு மழைக்காலம் போனா அதே இடத்துல மறுபடி அரிக்கும்.

முன் டிஸ்க்கும் மாத்த வேண்டியதுதான். 0.4 மி.மீ. மிச்சத்துல புது பேடு போட்டா, அந்தப் பேடு பாதி தேயறதுக்குள்ள டிஸ்க் கணக்கு முடிஞ்சிடும்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளுக்குப் பொதுவான இந்த எம்க்யூபி அடித்தளத்துல முன் டிஸ்க் 312×25, 340×30 ரெண்டு அளவும் ஓடுது. மாடல் பேரை மட்டும் சொல்லிக் கேட்டா கடையில எது கைக்கு வருதோ அதை எடுத்துக் கொடுப்பாங்க. டிக்கியில ஸ்பேர் டயர் பக்கமும் சர்வீஸ் புத்தகத்துலயும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல முன் பிரேக் குறியீடு 1இசட் இல்லேன்னா 1எல்னு தொடங்கும், பின் பிரேக் 1கேன்னு தொடங்கும். அந்த மூணெழுத்துக் குறியீடு ரெண்டையும் சேசிஸ் நம்பரையும் கொடுத்துக் கேளுங்க. 25 மி.மீ. டிஸ்க்குக்கு தேய்மான எல்லை 22, 30 மி.மீ.க்கு 27. ஆனா டிஸ்க்குல அச்சிட்டிருக்கிற எண் வேற சொன்னா அந்த எண்தான் கணக்கு.

மைக்ரோமீட்டர் இல்லாம வெர்னியர் வெச்சு அளக்கிறவங்க கவனிக்கணும். டிஸ்க் விளிம்புல பேடு படாத இடம் துரு ஏறி உசந்து நிக்கும். வெர்னியர் அந்த உசரத்தை அளந்துட்டு டிஸ்க் நல்லா இருக்குன்னு சொல்லும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒரு ரூபாய்க் காசு வெச்சு, அதோட சேர்த்து அளந்து, ரெண்டு காசோட தடிமனையும் கழிச்சிடுங்க. விளிம்புலேர்ந்து சுமார் 15 மி.மீ. உள்ளே, சுத்தி எட்டு இடத்துல அளக்கணும்.

கீழை_டர்போ

230 குதிரைத்திறன் வண்டிக்கு சாதா டிஸ்க்கா? துளையும் கீறலும் சேர்ந்த டிஸ்க், ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி சூடு தாங்குற பேடு. போட்டா ஒரே தடவையில வேலை முடிஞ்சது. வண்டியோட வேகத்துக்கு ஏத்த பிரேக் வேணும்ல. கொடைக்கானல் இறக்கத்துல பெடல் பஞ்சாப் போனப்புறம் வருத்தப்பட்டு என்ன பண்றது?

காரைக்குடி_இரும்பு

கீழை_டர்போ காக்கா சொல்வதில் கொடைக்கானல் கவலை நியாயமானது. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் இந்த வண்டியின் பிரேக் எதனால் சாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேள்வியிலேயே விடை இருக்கிறது: பின் பேடு 6 மி.மீ. மிச்சம் இருக்கும்போதே பின் டிஸ்க் போய்விட்டது. தேய்ந்து போகவில்லை, அரித்துப் போயிருக்கிறது. சூடும் அதற்குக் காரணமில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளோடு சேர்த்து 1,500 கிலோ எடை, 100 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 580 கிலோஜூல். அதில் ஏறத்தாழ 70 சதம் முன் பிரேக்குக்கு. ஒரு முன் டிஸ்க்குக்கு 200 கிலோஜூல். டிஸ்க் 8 கிலோ என்றால், வார்ப்பிரும்பின் வெப்பக் கொள்ளளவில் இது சுமார் 50 டிகிரி ஏற்றம். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை தட்டையான சாலை. எப்போதோ ஒருமுறை அழுத்திப் பிடிக்கிறோம், அடுத்த முறைக்குள் ஆறிவிடுகிறது. பின் டிஸ்க்குக்கு வெதுவெதுப்பே வந்தால் அதிகம். பந்தயப் பேடு நன்றாகக் கடிக்க ஆரம்பிக்கும் சூட்டை இந்த ஓட்டத்தில் தொடவே தொடாது. காலையில் முதல் பிரேக்கில் மாடு குறுக்கே வரும்போது வேண்டியது குளிர்ந்த நிலையில் கடிக்கும் பேடு.

அடுத்தது உப்பு. டிஸ்க் என்பது கிராஃபைட் செதில்கள் நிறைந்த சாம்பல்நிற வார்ப்பிரும்பு. ஈரம் பட்ட ஒரு மணி நேரத்தில் செந்துரு படரும். அது மேல்துரு, அடுத்த பிரேக்கில் உரிந்துவிடும், தீங்கில்லை. உப்புப் படலம் இருந்தால் கதை வேறு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வெளியே காய்ந்திருந்தாலும் இரும்பின் மேல் ஈரம் நிற்கிறது. குளோரைடு துருவுக்கடியில் புகுந்து குழி தோண்டுகிறது. எங்கள் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தன் அரிப்புச் சோதனை மையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதே அங்குள்ள காற்று இரும்பை அவ்வளவு தின்பதால்தான். நீங்கள் அந்தக் காற்றில்தான் வண்டியை நிறுத்துகிறீர்கள்.

பின் டிஸ்க்கின் உள்பக்கம் முதலில் போவதற்கும் காரணம் உண்டு. பின் பிரேக்குக்குக் கிடைக்கும் அழுத்தம் குறைவு, அதனால் துருவைச் சுரண்டும் வேலை நடப்பதில்லை. உள்பக்கம் காற்றும் வெயிலும் படாது, டயர் வாரியடிக்கும் ஈரமண் அங்கேதான் ஒட்டும். பேடை அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னோ, பேடின் ஓரத்தில் நீட்டியிருக்கும் காதோ கொஞ்சம் இறுகினால்கூட பேடு டிஸ்க்கின் முழு அகலத்திலும் படாது. படாத பட்டையில் துரு தடிக்கும். தடித்த துரு பேடையும் பள்ளமாக்கும். அதற்குப் பிறகு அந்தப் பட்டை மறுபடி சுத்தமாகவே ஆகாது.

ஆகவே இந்தக் கடற்கரையில் தேர்வின் வரிசை: துருவை எதிர்ப்பது முதலில், குளிர்ந்த கடி இரண்டாவது, சூடு தாங்குவது மூன்றாவது. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ எழுதப்படும் ஆலோசனைகள் இதைத் தலைகீழாக வைத்திருக்கும். அங்கே அது சரி.

டிஸ்க்: துளையில்லாதது, கீறலில்லாதது, முழுக்கப் பூச்சுள்ளது. துத்தநாக-அலுமினியச் செதில் பூச்சு என்றால் நல்லது, ஜியோமெட் அந்த வகை. ஸிம்மர்மனின் கோட் இசட், பிரெம்போவின் யூவி பூச்சு, ஏடிஇயின் பூச்சு டிஸ்க் எல்லாம் இந்த வேலைக்கு ஆனவை. பேடு உரசும் முகத்தில் பூச்சு முதல் சில பிரேக்கிலேயே போய்விடும், போகத்தான் வேண்டும். நமக்குப் பூச்சு வேண்டியது நடுவில் தொப்பி போல உயர்ந்த பகுதி, வெளிவிளிம்பு, இரண்டு தகடுகளுக்கு நடுவிலுள்ள காற்றுப் பாதை. காற்றுப் பாதைக்குள் துரு பொருக்குத் தட்டி அடைத்தால் டிஸ்க் ஆறாது. அங்கிருந்து அரிப்பு வெளிமுகத்தை நோக்கி வரும், அதை மைக்ரோமீட்டர் காட்டாது. கடையில் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துக் காற்றுப் பாதைக்குள் பாருங்கள். உள்ளே கருப்பாக எண்ணெய் பூசிய பச்சை இரும்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

துளை போட்ட டிஸ்க் பற்றி: ஒவ்வொரு துளையின் ஓரமும் விரிசல் தொடங்கும் இடம். உப்புக் குழி அந்த ஓரத்தில் விழுந்தால் விரிசலுக்கு வேலை சுலபம். தனுஷ்கோடிச் சாலையில் காற்று கொண்டுவரும் மணல் துளைக்குள் பேடு தூளோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும். இன்றைய பேடுகளில் துளை வழியாக வெளியேற வேண்டிய அளவுக்கு வாயுவும் கிளம்புவதில்லை. துளையால் டிஸ்க்கின் எடை குறைகிறது. அதாவது சூட்டை வாங்கி வைக்கும் இரும்பு குறைகிறது.

கீழை_டர்போ

சரி, துளையை விட்டுடலாம். விரிசல் விஷயம் ஏத்துக்கறேன். கீறல் மட்டும் போட்டது? மழையில தண்ணிப் படலத்தை வழிக்கும்ல. அப்புறம் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ஓட்டற ஆசை இருந்தா என்ன பண்றது?

காரைக்குடி_இரும்பு

கீறல் மட்டும் என்றால் கெடுதல் பெரிதாக இல்லை. பேடு கொஞ்சம் சீக்கிரம் தேயும், சத்தம் கொஞ்சம் கூடும். ஆனால் கீறலின் அடியில் பூச்சு இருக்காது. பூச்சு போட்டபின் கடைந்திருப்பார்கள், அல்லது முதல் தேய்மானத்தில் ஓரம் திறந்துவிடும். மழைக்கு ஆதாயம் என்பதை மறுக்கவில்லை, முதல் அரை விநாடிக்குத்தான் அது.

மதுரை_ஸ்பேனர்

ட்ராக்குக்குன்னா தனி பேடு செட் வெச்சுக்கங்க காக்கா. முந்தின நாள் மாத்தி, திரும்பி வந்ததும் கழட்டிடணும். ட்ராக் பேடை ஊர்ல குளிர்ந்த டிஸ்க்குல ஓட்டினா டிஸ்க்கை அரம் மாதிரி ராவிடும். ஒரே பேடுல ரெண்டையும் முடிக்கப் பார்த்தா ரெண்டும் அரைகுறைதான்.

இன்னொன்னு சொல்லணும், ஏன்னா நிறைய பேர் பெரிய டிஸ்க் போட்டா வண்டி சீக்கிரம் நிக்கும்னு நினைக்கிறாங்க. குளிர்ந்த பிரேக்குல ஒரு தடவை அழுத்தி நிறுத்தும்போது ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பிச்சிட்டா, அதுக்கு மேல நிறுத்தறது டயர்தான். பெரிய டிஸ்க் பத்தாவது தடவையும் அதே மாதிரி நிக்க உதவும், அவ்வளவே. டயர் பழசா இருந்தா பிரேக்குக்கு ஒதுக்கின காசுல பாதியை அங்க போடுங்க.

இப்போ பேடு வகை. சுருக்கமா:

கரிமப் பேடு சத்தமில்லாம, தூளில்லாம இருக்கும். இந்த எடைக்கும் வேகத்துக்கும் மலை இறக்கத்துல பத்தாது.

செராமிக் பேடு சக்கரத்தைச் சுத்தமா வெச்சிருக்கும், டிஸ்க்கை மெதுவாத்தான் தேய்க்கும். அந்த மென்மைதான் இங்க குறை. துருவைச் சுரண்டற வேலையைப் பேடுதான் செய்யணும், செராமிக் அதுல மந்தம்.

குறைந்த உலோகப் பேடு, அதாவது ஐரோப்பிய வண்டிகள்ல கம்பெனியே போட்டு அனுப்பற வகை, குளிர்ல நல்லா கடிக்கும், டிஸ்க் முகத்தைச் சுத்தமா வெச்சிருக்கும். விலை என்னன்னா தூள். அந்தத் தூள்ல இரும்பு இருக்கு. உப்புக் காத்துல அது அலாய் வீல்ல துருப்பிடிச்சு ஆரஞ்சுப் புள்ளியா ஒட்டிக்கும். வாரம் ஒருமுறை கழுவினா ஒட்டாது. மண்டபத்துக்கு என் ஓட்டு இதுக்குத்தான். டெக்ஸ்டார், ஏடிஇ, டிஆர்டபிள்யூ, பேகிட், ஜூரிட், இதுல எது சேசிஸ் நம்பருக்குச் சரியா கிடைக்குதோ அது. நாலு சக்கரத்துக்கும் ஒரே கம்பெனி, ஒரே வகை. முன்னால கடுமையா கடிக்கிறதும் பின்னால சாதாவும் போட்டா, ஏற்கெனவே வேலையில்லாம துருப்பிடிக்கிற பின் பிரேக் இன்னும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

பேடு முதுகுல ரெண்டு விஷயம் தேடுங்க. ஒண்ணு, வட்டத்துக்குள்ள ஈ எழுத்தும் பக்கத்துல 90ஆர்னு தொடங்கற எண்ணும். அது ஐரோப்பிய ஆர்90 விதி. மாற்றுப் பேடோட பிடிமானம் ஒரிஜினல்லேர்ந்து 15 சதத்துக்கு மேல ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஏபிஎஸ், வண்டி சறுக்காம காக்கிற ஈஎஸ்பி எல்லாம் அந்த அளவை நம்பித்தான் கணக்குப் போட்டிருக்கு. ரெண்டு, எஃப்எஃப், ஜிஜி மாதிரி இரட்டை எழுத்து. முதல் எழுத்து குளிர்ந்த பிடிமானம், ரெண்டாவது சூடானப்புறம். ஈ 0.25–0.35, எஃப் 0.35–0.45, ஜி 0.45–0.55. எஃப்ஈன்னு இருந்தா சூடானதும் பிடி தளரும்னு அர்த்தம், அதைத் தொடாதீங்க. எஃப்எஃப் போதும்.

கடற்கரை ஆளுங்களுக்கு மூணாவதா ஒண்ணு: பேடு எதுல ஒட்டியிருக்குன்னு பாருங்க. பின்தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் நடுவுல துரு புகுந்து ஊதினா, பேடு தேயாமலே தகட்டை விட்டுப் பிரியும். ஓரத்துல முடி அகலத்துக்கு இடைவெளி தெரிஞ்சாலும் தடிமன் எவ்வளவு மிச்சம்னு பார்க்காம தூக்கிப் போட வேண்டியதுதான். துத்தநாகம் பூசின பின்தகடோட, கொக்கி மாதிரி முளைகள்ல உராய்வுப் பொருள் பிடிச்சிருக்கிற வகை கிடைச்சா விடாதீங்க.

பாம்பன்_முனை

பொருள் தேர்வு சரி. எதைப் போட்டாலும் நிறுத்துற விதம் தப்பா இருந்தா இதே கதைதான் வரும்.

தென்மேற்குக் கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல தெற்குக் கரைப் பக்கம் வாரி அடிக்கும், வாடையில வடக்குக் கரைப் பக்கம். வண்டியைக் காத்துக்கு முதுகு காட்டி, சுவருக்கோ வீட்டுக்கோ மறைவா நிறுத்துங்க. துணிக் கவர் போட்டு மூடறவங்க, உள்ளே ஈரத்தோட மூடக்கூடாது. மூடினா அந்த ஈரம் டிஸ்க்குலதான் உட்காரும்.

கழுவறது பத்தி. நம்ம பக்கம் பாதி போர்த் தண்ணி உப்புத் தண்ணி. அதுல டிஸ்க்கைக் கழுவினா கடல்காத்து செய்யறதை நம்ம கையாலேயே செய்யறோம். குடிதண்ணிய காருக்குக் கொட்டவும் மனசு வராது, கொட்டவும் வேண்டாம். செடிக்கு மருந்தடிக்கிற 5 லிட்டர் கைத்தெளிப்பான்ல நல்ல தண்ணி ஊத்தி, நாலு சக்கரத்துக்கும் ஸ்போக் இடைவெளி வழியா டிஸ்க், கேலிப்பர், உள்பக்கம்னு பீய்ச்சினா அதுவே போதும். டிஸ்க் ஆறியிருக்கணும், கை வெச்சா சுடக்கூடாது. அடிச்சதும் அப்படியே நிறுத்தக்கூடாது. ஒரு கிலோமீட்டர் ஓட்டி, இடது காலை எடுத்து வெக்காம வலது காலாலேயே லேசா நாலஞ்சு தடவை பிடிச்சு, ஈரத்தை ஆவியாக்கிட்டு நிறுத்துங்க. அரிச்சல்முனை போயிட்டு வந்த அன்னிக்கு இது கட்டாயம்.

ரெண்டு நாளைக்கு மேல நிக்கப்போற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதீங்க. மண்டபம் தட்டை பூமி. கியரை பி-ல போட்டு சக்கரத்துக்குக் கட்டை வெச்சா போதும். ஹேண்ட் பிரேக்குல விட்டா பேடு டிஸ்க்கோட துருவால ஒட்டிக்கும். கிளப்பும்போது படார்னு பிரியும், பேடு வடிவத்துக்கே டிஸ்க்குல தடம் விழுந்திருக்கும். அந்தத் தடமே பின்னாடி உதறலா மாறும்.

டிஸ்க்குக்குப் பின்னால இருக்கிற மெல்லிசுத் தகரம் துருப்பிடிச்சு உரசினா, சிலர் பிய்ச்சு எறிஞ்சிடறாங்க. இங்க அதைச் செய்யக்கூடாது. மணலைத் தடுக்கிறது அதுதான். ஓட்டை விழுந்திருந்தா புதுசு போடுங்க.

மண்டபம்காரன்

ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும். ஸ்டிக்கர்ல குறியீடு கிடைச்சிடுச்சு. பூச்சு போட்ட சாதா டிஸ்க் நாலு, குறைந்த உலோகப் பேடு முன்னும் பின்னும்னு முடிவு பண்ணியாச்சு. வேலையை ராமநாதபுரத்துல தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்கிட்ட, கூடவே நின்னு செய்யலாம்னு இருக்கேன். எதையெல்லாம் விடாம பார்க்கணும்? உதறல் திரும்ப வரக்கூடாது, அதுதான் முக்கியம்.

பரமக்குடி_லேத்

தம்பி, உதறல் வராம இருக்கணும்னா டிஸ்க்கைவிட ஹப் முகத்துலதான், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் உட்கார்ற நடுக்குடத்துலதான் வேலை அதிகம். சொல்றேன்.

டிஸ்க் வளைஞ்சுபோச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பெரும்பாலும் வளையறதில்லை. ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஒரு துருப் பொருக்கு மாட்டிக்கிச்சுன்னா டிஸ்க் கொஞ்சம் சாய்ஞ்சு உட்காரும். பிரேக் பிடிக்காத நேரத்துல, ஒவ்வொரு சுத்துக்கும் உசந்த இடம் மட்டும் பேடை லேசா தொட்டுக்கிட்டே ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டர்ல அந்த இடம் மத்த இடத்தைவிட நூத்துல ரெண்டு மூணு பங்கு மி.மீ. மெலிஞ்சிடும். அவ்வளவு வித்தியாசமே ஸ்டீயரிங்கை உதற வெக்கப் போதும். அதனாலதான் புது டிஸ்க் போட்டு மூணு மாசம் நல்லா இருந்துட்டு அப்புறம் உதறுது. ஆளுங்க டிஸ்க் கம்பெனியைத் திட்டுவாங்க, காரணம் மாட்டின அன்னிக்கே உள்ள உட்கார்ந்திருக்கும்.

டிஸ்க்கைப் பிடிச்சிருக்கிற சின்னத் திருகு டி30 டார்க்ஸ். உப்புக் காத்துல அது இறுகித்தான் இருக்கும். முந்தின நாளே துரு இளக்கற எண்ணெய் ரெண்டு சொட்டு, மறுநாள் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர் வெச்சு சுத்தியால ஒரு தட்டு. வெறும் டார்க்ஸ் போட்டுத் திருகினா தலை வழுக்கும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்கணும். புதுத் திருகு நாலு முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கங்க.

ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, மூலையில இருக்கிறதை உப்புத்தாளால எடுத்து, வெளிச்சம் அடிச்சுப் பார்த்து இரும்பு பளிச்சுன்னு தெரியற வரைக்கும் விடாதீங்க. போல்ட் துளையைச் சுத்தியிருக்கிற வளையம்தான் எல்லாரும் விடற இடம். சுத்தம் பண்ணினதும் டயல் கேஜ் வெச்சு ஹப்பைச் சுத்திப் பாருங்க. ஆட்டம் 0.03 மி.மீ.க்குள்ள இருந்தா நிம்மதி. டிஸ்க்கை மாட்டி, சக்கர போல்ட்டுகளை வாஷர் வெச்சு முடுக்கி, விளிம்புலேர்ந்து 15 மி.மீ. உள்ள மறுபடி அளக்கணும். 0.05க்குள்ள வந்தா அருமை. 0.1 வந்தா டிஸ்க்கைக் கழட்டி ஒரு துளை தள்ளி மாட்டி அளந்து பாருங்க, பல நேரம் அதுலயே குறைஞ்சிடும். திருகுத் துளை ஒத்துவராத நிலையில அந்தச் சின்னத் திருகு இல்லாமலும் ஓடும், டிஸ்க்கைப் பிடிக்கிறது சக்கர போல்ட்தான்.

கேலிப்பர் கழட்ட: முன்னால கைடு பின் (மேல ஸ்லைடு பின்னுன்னு சொன்னதுதான்) 7 மி.மீ. ஆலன், பேடையும் கேலிப்பரையும் தாங்கற கேரியரோட போல்ட் 21. பின்னால கைடு போல்ட் 13, கேரியர் எம்14 பன்னிரண்டு முனை ஸ்ப்லைன். இந்தக் கடைசி சாமான் நிறைய பட்டறையில இருக்காது. ஆலனைத் திணிச்சுப் பார்த்து தலையைக் கெடுத்திடுவாங்க. கூடவே வாங்கிட்டுப் போங்க. கழட்டின கேலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாம கம்பியால ஸ்பிரிங்ல கட்டுங்க.

கேரியர்ல பேடு காது உட்கார்ற பள்ளத்துல ஸ்டெய்ன்லெஸ் கிளிப் இருக்கும். அந்தக் கிளிப்பைக் கழட்டி, அதுக்கு அடியில இருக்கிற துருவை அரத்தால எடுக்கணும். மேலோட்டமா பார்த்தா கிளிப் பளபளன்னு இருக்கும், அடியில துரு ஊதி கிளிப்பை மேல தள்ளியிருக்கும், பேடு நகராம இறுகும். உங்க பின் டிஸ்க் உள்பக்கம் போனதுக்கு இது காரணமா இருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன். புது கிளிப் போட்டதும் பேடு கை விரலால தள்ளினாலே நகரணும்.

கைடு பின்னை வெளியே எடுத்து, பழைய கிரீஸை ஸ்பிரிட்டால துடைச்சு, சிலிகோன் கிரீஸ் மெல்லிசா. சக்கர பேரிங்குக்குப் போடற சாதா கிரீஸ் அங்க போகவே கூடாது. ரப்பர் ஈபிடிஎம் வகை, கனிம எண்ணெய் பட்டா ஊதிப்போகும், கைடு பின் இறுகும். துரு இளக்கற ஸ்ப்ரேயும் அதே கேடு. பின்னை மூடியிருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சிருந்தா உள்ள உப்பு போயிருக்கும். உறையும் பின்னும் செட்டாவே மாத்துங்க. பேடு காதுலயும் பின்தகடு தொடற இடத்துலயும் செராமிக் பேஸ்ட் நகத்துல தொட்ட அளவு. பின்தகட்டுல ஒட்டுப் படலம் இருக்கிற பேடுன்னா அங்க பேஸ்ட் கூடாது. கேலிப்பர்ல பழைய பசையைச் சுரண்டிட்டு, தாளை உரிச்சு ஒட்ட விடணும்.

பின் பிஸ்டன்: ஹேண்ட் பிரேக் நெம்புகோல்னா பிஸ்டனை அழுத்திக்கிட்டே திருகி உள்ள அனுப்பணும், வெறுமனே அழுத்தினா உள்ள இருக்கிற மரை போயிடும். பட்டன்னா முதல்ல விசிடிஎஸ், ஓபிடிலெவன் மாதிரி வண்டியோட கம்ப்யூட்டர்ல செருகற கருவி மூலமா சர்வீஸ் நிலைக்கு மோட்டாரைப் பின்வாங்க வெச்சப்புறம்தான் தள்ளணும். பேட்டரிக்குச் சார்ஜர் போட்டுக்கங்க. பிஸ்டன் உள்ள போறப்போ பிரேக் ஆயில் டப்பா வழியும், முன்னாடியே கொஞ்சம் உறிஞ்சி எடுங்க. பெயின்ட்ல பட்டா உரிச்சிடும், பட்டதும் தண்ணி ஊத்துங்க.

முடுக்கம்: முன் கேரியர் 200 நியூட்டன் மீட்டர், முன் கைடு 30. பின் கேரியர் 90க்கு முடுக்கி அதுக்கு மேல 90 டிகிரி, பின் கைடு 35. பின் போல்ட்டுங்க ஒரு தடவைக்குத்தான், புதுசு போடணும். சேசிஸ் நம்பருக்கான சர்வீஸ் கையேட்டுல ஒருக்கா ஒப்பிட்டுக்கங்க.

எண்ணெய் பூசி வந்த டிஸ்க்னா பிரேக் கிளீனரால துடைச்சாகணும். துத்தநாகப் பூச்சு டிஸ்க் காய்ஞ்சே வரும், கைரேகையைத் துடைச்சா போதும். கடைசியா, சக்கரம் உட்கார்ற நடு வளையத்துல செராமிக் பேஸ்ட் மெல்லிசா தடவுங்க. அலுமினியச் சக்கரமும் இரும்பு ஹப்பும் உப்புக் காத்துல ஒட்டிக்கிட்டா நடுரோட்டுல பஞ்சர் போட சக்கரம் கழலாது. போல்ட் மரையில மட்டும் எதுவும் தடவக்கூடாது. வண்டியைக் கீழ இறக்கினதும், கிளப்பறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகற வரைக்கும் மிதிக்கணும். இதை மறந்துட்டு ரிவர்ஸ் எடுத்தா சுவத்துலதான் நிக்கும்.

ஈசிஆர்_ஓட்டம்

புதுப் பேடைப் பழக்கறதுக்கு பாம்பன் பாலத்தையோ மண்டபம் கடைத்தெருவையோ தேடாதீங்க. விடியற்காலையில கீழக்கரை தாண்டி சாயல்குடி நோக்கிப் போற கிழக்குக் கடற்கரைச் சாலையில நீளமான நேர்த் துண்டுகள் உண்டு. ஆடு மாடு வெளிய வர்றதுக்கு முன்னாடி, பின்னால வண்டி இல்லாத நேரமா பார்த்து:

60லேர்ந்து 20 வரைக்கும் மிதமா பத்துத் தடவை, நடுவுல அரை நிமிஷம் ஓட விட்டு. அப்புறம் 90லேர்ந்து 30 வரைக்கும் கொஞ்சம் அழுத்தமா ஆறு தடவை, ஏபிஎஸ் வேலை செய்யற அளவுக்கு வேண்டாம். எந்தத் தடவையும் முழுசா நிறுத்தக்கூடாது. சூடான பேடு டிஸ்க் மேல அசையாம அழுத்தி நின்னா அந்த இடத்துல மட்டும் படலம் தடிமனா ஒட்டும். முடிச்சதும் பத்து நிமிஷம் பிரேக்கே தொடாம ஓட்டி ஆற விடணும், நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் வேண்டாம். முதல் 300 கி.மீ. வரைக்கும் பெடல் கொஞ்சம் மந்தமா இருக்கும், பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு முழுசா பழகணும்ல.

கீழை_டர்போ

பிரேக் ஆயிலை யாருமே தொடலையே. கொடைக்கானல் கேள்வியும் பாக்கி இருக்கு.

காரைக்குடி_இரும்பு

ஆம், சொன்னபடி வருகிறேன். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை சுமார் 1,800 மீட்டர் இறக்கம். 1,500 கிலோவுக்கு அது 26,000 கிலோஜூலுக்கு மேல். 100லிருந்து நிற்கும் பிரேக் நாற்பத்தைந்துக்குச் சமம். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆனால் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் விட்டு இறங்கினால் எஞ்சின் வாங்க வேண்டிய பங்கும் டிஸ்க்குக்கே வந்துவிடும். கையால் இரண்டாம், மூன்றாம் கியருக்கு இறக்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். எஃப்எஃப் பேடும் முழு எடை டிஸ்க்கும் இதற்குப் போதும்.

பெடல் பஞ்சாவதற்குப் பேடு காரணமல்ல, ஆயில்தான் காரணம். பேடு சூடேறிப் பிடி தளர்ந்தால் பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. ஆயில் கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரி. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது, உங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இந்த வண்டியின் ஈஎஸ்பிக்கு பாகுத்தன்மை குறைந்த டாட் 4 எடுங்கள், ஐஎஸ்ஓ 4925 வகுப்பு 6 என்று எழுதியிருக்கும். அதில் 250, 165. சிலிகோன் வகையான டாட் 5 எக்காரணம் கொண்டும் கலக்கக்கூடாது. 5.1 கலக்கலாம், அது வேறு வகை.

ஒரு லிட்டர் புது டின், அன்றைக்கே திறந்தது. பட்டறையில் பாதி தீர்ந்து மூடி வைத்த டின் வேண்டாம். நான்கு சக்கரத்திலும் நிறம் தெளியும் வரை எடுக்கவும். கம்பெனி இரண்டு வருடம் என்கிறது. வருடா வருடம் கொடைக்கானல் இறங்குகிறவர், கடலிலிருந்து ஒரு தெரு தள்ளி இருக்கிறவர், வாடை முடிந்த கையோடு தை மாதத்தில் ஒருமுறை ஈரச் சோதனைக் கருவி வைத்துப் பார்த்து, 3 சதத்தை நெருங்கினால் இரண்டு வருடத்துக்குக் காத்திராமல் மாற்றிவிடுவது நல்லது.

பரமக்குடி_லேத்

ஆயில் மாத்தறப்போ, பழைய ஆயிலை வெளிய விடற பிளீடர் நிப்பிள் ஒவ்வொண்ணையும் பாருங்க. ரப்பர் மூடி இல்லாத நிப்பிள்ல உப்பு உள்ள இறங்கி இறுகியிருக்கும், பலம் போட்டுத் திருப்பினா கேலிப்பருக்குள்ளயே முறிஞ்சிடும். 11 நம்பர் ஆறு முனை சாக்கெட், பன்னிரண்டு முனை கூடாது. வரலேன்னா முதல்ல முடுக்கற பக்கம் இம்மி அசைச்சு, அப்புறம் இளக்கற பக்கம். நாலுக்கும் புது ரப்பர் மூடி போட்டு அனுப்பச் சொல்லுங்க. அடியில ஓடற இரும்பு பிரேக் குழாயையும் கிளிப் பிடிச்சிருக்கிற இடத்துல துணியால துடைச்சுப் பாருங்க, அங்கதான் பெயின்ட் உரிஞ்சு துரு முதல்ல விழும்.

மண்டபம்காரன்

எம்14 ஸ்ப்லைன், புது கிளிப் செட், பின் போல்ட், டி30 திருகு நாலு, ரப்பர் மூடி நாலு, வகுப்பு 6 ஆயில் ஒரு லிட்டர், எல்லாம் டிஸ்க் ஆர்டரோடயே சேர்த்துட்டேன். டயல் கேஜ் பட்டறையில இருக்காம். மாட்டினதும் ரன்அவுட், அதாவது டிஸ்க் சுத்தும்போது ஆடற அளவு, நாலு சக்கரத்துக்கும் இங்கயே போடறேன்.